முதல் கால் வைக்கிற ஆள்

ஜன்னல் பக்கமே இருங்க அக்கா, எனக்கு யானை பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கீழ் வளைவில் குட்டியோடு நிற்கிறதாம். அது நகர்ந்தால்தான் பஸ் நகரும். கண்டக்டர் அண்ணன் இப்போது என்ன சொல்வார் தெரியுமா? "யாரும் எறங்க வேணாம், போட்டோ எடுக்க வேணாம், எடுத்தா நான் பொறுப்பில்ல." சொன்னாரா? அதே இழுப்பு, அதே கரகரப்பு. நான் முதலில் சொன்னேன், அவர் பிறகு சொன்னார். பின்சீட்டுக்காரர்களுக்கு எது அசல் என்றே குழப்பம், திரும்பிப் பாருங்க.

இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். கட்டைக் குரல் வேறு. பாட்டு கிளாஸில் சிஸ்டர் பெனடிக்டா என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார். "நிரோஷா, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம், ஆண்டவருக்குக் கேட்டுவிடப் போகிறது." இது சிஸ்டர். எங்க பி.டி. மாஸ்டர், ரேஷன் கடைக்காரர், கோயில் மைக்கில் வரி கேட்கிறவர், பக்கத்து லைன் வீட்டு ஆட்டுக்குட்டி, எல்லாம் என் தொண்டையில் இருக்கிறது. மார்க் மட்டும்தான் இல்லை.

நீங்க கிளப்பிலா தங்கியிருந்தீங்க? எங்க பெரியகல் கிளப்பில்? அப்போ கேட்டைத் திறந்துவிட்டது எங்க மாமா. உயரமா, கறுப்பா, ஒரு வார்த்தை பேசாமல் சல்யூட் மட்டும் அடித்தாரா? அவர்தான். சங்கிலி மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. உங்களிடம் பேசாதது பெரிசில்லை. என்னோடு பேசியே ரெண்டு மாசம் ஆகிறது. அவருக்கு வேலையை நிரந்தரம் பண்ணிக் கொடுத்தது நான். குவார்ட்டர்ஸ் வாங்கிக் கொடுத்தது நான். பெண்டாட்டியைக்கூட ஒரு வகையில் நான்தான் கட்டி வைத்தேன். அந்த மனுஷன் என்னைக் கண்டால் செடியைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார். நீங்க வெளியூர். யாருக்கும் சொந்தமில்லை. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

கிளப் ஹாலில் வரிசையாகப் போட்டோ மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. மேல் வரிசை, கறுப்பு வெள்ளை. மீசை வைத்த வெள்ளைக்காரர்கள், கட்டம் போட்ட பாவாடை, முழங்கால் வரை மேஜோடு. அவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். காட்டை வெட்டித் தேயிலை போட்டவர்கள். சரி, வெட்டினது எங்க தாத்தாக்கள், இவர்கள் பக்கத்தில் நின்று பைப் குடித்தார்கள், அது இருக்கட்டும். அவர்கள் ஊர் உடுப்பு, அவர்கள் கட்டினார்கள். கீழ் வரிசை, கலர் போட்டோ, அதைப் பார்த்தீங்களா? அதே பாவாடை. உள்ளே நிற்பது எங்க கோதண்டராமன் துரை, மற்ற எஸ்டேட் துரைமார், செக்ரட்டரி தேவசகாயம். ஒவ்வொருவர் முழங்காலும் கோயில் தூண் மாதிரி.

துரை என்றால் இங்கே மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாச்சு, அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. கோதண்டராமன் துரைதான் கிளப்புக்குப் பிரசிடென்ட். மனுஷன் ஸ்காட்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பேசினால் அங்கேயே பிறந்து, அங்கேயே பல் முளைத்த மாதிரி இருக்கும். "ஐ ஸே, நாம ட்ரெடிஷனை விட்டுட்டா, அப்புறம் நமக்கும் கீழ இருக்கற பஜாருக்கும் வாட் இஸ் த டிஃபரன்ஸ், மேன்?" மூக்கில் ஆரம்பித்து, தொண்டையில் ஒரு குலுக்கு குலுக்கி, கடைசியில் ஒரு 'ம்ஹ்ம்'. அந்த 'ம்ஹ்ம்' வருவதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும்.

அவர்களுக்கு வருஷக் கடைசியில் ஒரு பண்டிகை உண்டு. ஹாக்மனே என்று பேர். ஸ்காட்லாந்துக்காரர்களின் புதுவருஷம். டிசம்பர் முப்பத்தொன்று நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துப் பழைய வருஷத்தை அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து புதுசை உள்ளே விட வேண்டும். அது அவர்கள் ஊரில். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரோட்டில் ஆனை. துரை ஜீப்பாக இருந்தாலும் ஆனைக்கு ஒன்றுதான். ஒரு வருஷம் பாவாடையோடு போன சின்ன துரை ஒருவர் விடிகிற வரைக்கும் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது. என்ன தெரியுமா? நடுராத்திரியை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சிரிக்காதீங்க, சத்தியமா. பகல் பன்னிரண்டு மணி. கடிகாரத்துக்குப் பகல் ராத்திரி தெரியாது, முள் நேராக நின்றால் போதும் என்று தேவசகாயம் பாயின்ட் எடுத்துக் கொடுத்தாராம். ஹால் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி அடித்து இருட்டாக்குவார்கள். காலை பத்தரைக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் குட் ஈவ்னிங் சொல்லிக்கொண்டு உள்ளே போவார்கள். துரைமார் வீட்டு அம்மாக்கள் பட்டுப்புடவைக்கு மேல் கட்டம் போட்ட துண்டைக் குறுக்கே போட்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வாட் எ சில்லி நைட்" என்பார்கள். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். நிஜமாகவே வருஷம் பிறக்கிற நேரத்தில் மலையில் தோட்டத்து ஆட்கள் இருக்கிற எங்க லைன் வீடுகளில்தான் வெடிச்சத்தம். அவர்கள் குறட்டை.

பாவாடை விஷயத்தையும் கேளுங்க. ஸ்காட்லாந்திலிருந்து துணி வரவழைத்தால் கட்டுபடியாகாது. பஜார் டெய்லர் கனி பாயிடம் ஒரே கட்டத்தில் ஒரு கட்டுத் துணி மிச்சம் இருந்தது. பச்சையும் நீலமும், நடுவில் மஞ்சள் கோடு. எங்க கான்வென்ட் யூனிஃபார்ம் துணி, அக்கா. அதை எடுத்துத் துரைமாருக்குத் தைத்துவிட்டார். என் பாவாடையும் துரை பாவாடையும் ஒரே கட்டம். கனி பாய் ரொம்ப நாணயமானவர், அதனால் எங்களுக்கு வைக்கிற மாதிரியே வளரும்போது பிரிப்பதற்கு உள்மடிப்பும் வைத்திருக்கிறார்.

சாப்பாடு? ஆட்டு இரைப்பையைக் கழுவி, அதற்குள் ஈரல், இருதயம், நுரையீரல், ஓட்ஸ், மிளகு எல்லாம் அடைத்துத் தைத்து வேகவைப்பது. எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செய்கிற குடல் கறிக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம், ஆனால் ருசி தெரியாத சொந்தம். அந்த வாடைக்கு மற்ற நாளில் துரை வீட்டு அம்மா லைன் பக்கம் வந்தால் கர்சீஃப் எடுப்பார். அன்றைக்கு அதையே வெள்ளித்தட்டில் வைத்து, ஸ்பீக்கரில் பைப் வாத்தியம் போட்டு, எல்லாரும் எழுந்து நின்று, துரை கத்தியால் குத்திக் கிழிப்பார். ஆளுக்கு ஒரு ஸ்பூன். வாயில் வைத்துக்கொண்டு "எக்ஸலன்ட்" என்று சொல்வதற்குள் கண்ணில் தண்ணி. அப்புறம் விஸ்கி. அப்புறம் பின்பக்கம் அண்டாவில் தயாராக இருக்கிற பிரியாணி.

இதெல்லாம்கூடப் போகட்டும். எங்க மாமா வருகிற இடத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு அடித்ததும் முதலில் வாசல்படி மிதிக்கிற ஆள்தான் அந்த வருஷத்து அதிர்ஷ்டத்தைக் கொண்டுவருவாராம். கறுப்பு ஆளாக இருக்க வேண்டும். பொம்பளை கூடாது. கையில் கரி, ரொட்டி, உப்பு, ஒரு பாட்டில் விஸ்கி. ஸ்காட்லாந்தில் கறுப்பு என்றால் கறுப்பு முடிதானாம். செம்பட்டை முடிக்காரன் வந்தால் விளங்காது, கறுப்பு முடிக்காரன் வந்தால் நல்லது. இங்கே என்ன பிரச்சினை? எல்லாருக்கும் கறுப்பு முடி. துரைமாருக்கு டை. யாரை வெளியே நிறுத்துவது, யாரை உள்ளே வைப்பது? கமிட்டி மறுபடி கூடியது. முடியை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துக்கொண்டது. இருப்பதிலேயே கறுப்பான ஆள் யார் என்று பார்த்தார்கள். கிளப் வாட்ச்மேன். எங்க மாமா.

வருஷம் முழுக்கப் பின்வாசல். ஹாலில் பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் சமையல் கட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஒரு நாள் முன்வாசல். கிளப்புக்குச் சொந்தமான ஒரு பழைய கோட்டு, எந்த வெள்ளைக்காரனுக்குத் தைத்ததோ, மாமாவுக்கு மணிக்கட்டு வரைகூட வராது. கையில் தட்டு. இஸ்திரிக்காரரிடம் வாங்கிய அடுப்புக்கரி, பேக்கரி பன், கல்லுப்பு. நான் சொன்னேன், மாமா, உன்னைக் கறுப்பு என்று சொல்லிக் கூப்பிடுகிறான், நீ பல்லைக் காட்டிக்கொண்டு போகிறாய், வெட்கமாக இல்லையா என்று. அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "கையைக் குடுத்து உள்ளே கூப்பிடுறாங்கடி" என்றார். அதுதான் அவர்.

வேலையோ பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். பெர்மனன்ட் ஆனால் கிளப்புக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இல்லையென்றால் எங்க லைன் வீட்டில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். துரை என்ன செய்வார் என்றால், ஒவ்வொரு வருஷமும் மாமா படி மிதித்து உள்ளே வந்ததும், "லக் வரட்டும் மேன், ஏலத்துல தேயிலை வெலை ஏறட்டும், உன்னைப் பெர்மனன்ட் பண்ணிடலாம்" என்பார். விலை ஏறாது. ஒரு வருஷம் மண் சரிந்தது. ஒரு வருஷம் பில்லியர்ட்ஸ் ரூம் மேல் மரம் விழுந்தது. எல்லாவற்றுக்கும் மாமாவின் கால்தான் காரணம். "உன் கால் சரியில்லையோ, ம்ஹ்ம்?" உலகத்தில் எந்த ஊரிலாவது வாட்ச்மேன் காலைப் பார்த்துத் தேயிலை விலை ஏறுமா? கேட்கிறவன் கேனை என்றால் சொல்வதற்கு என்ன. எங்க மாமா கேனைதான். ராத்திரி உட்கார்ந்து தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு வருஷம் வலது கால் வைத்தார், ஒரு வருஷம் ரெண்டையும் சேர்த்துக் குதித்தார்.

இந்தத் தடவை சும்மா இல்லை. மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிற செவந்தி அக்கா. மாமாவுக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சு முடிந்து கிடக்கிறது. அவர் அப்பா பேச்சிமுத்து, இப்படி மூக்கைச் சொறிந்துகொண்டு பேசுவார், "மாப்பிள்ளை தங்கமான மனுசன், இல்லேங்கலை. பெர்மனன்ட் ஆகட்டும். பொங்க வரைக்கும் பாப்பேன். கீழ மில்லுல வேலை பாக்குற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான்." அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தேவசகாயம் வந்து, இந்த வருஷமும் லக் வரவில்லை என்றால் ஆளையே மாற்றச் சொல்லிவிட்டார் துரை, வாட்ச்மேனையும் சேர்த்து, என்று காதில் போட்டுவிட்டுப் போனார். பக்கத்து எஸ்டேட் டிரைவர் ஒருவர் இன்னும் கறுப்பாம். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மாமா சாப்பிடவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் நின்றார். அம்மா அவருக்குத் தெரியாமல் அழுதாள். எனக்கு எரிச்சல். பாவாடை கட்டின கூட்டம் பகலை ராத்திரி என்கிறது, அது சொல்வதை இவர்கள் நம்பி அழுகிறார்கள்.

அன்றைக்கு எங்க பாட்டுக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் பன்னிரண்டுக்கு மேல் ஒரு பாட்டு பாட வேண்டும். ஆகவே நானும் ஹாலில். நினைத்துப் பாருங்க, ஒரு பக்கம் நாங்கள் இருபது பேர், கட்டம் போட்ட பாவாடை. எதிரே துரைமார், அதே கட்டம். கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி டைரக்டர் அம்மா ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். எங்களையும் பார்த்தார், அவர்களையும் பார்த்தார், பெரியவர்கள் எல்லாம் எங்க ஸ்கூலுக்கு வாத்தியார்களோ என்று நினைத்திருப்பார். கேட்கவில்லை, பாவம்.

எனக்குக் கடைசி வரிசை. அதற்குப் பின்னால் ஓரமாகத்தான் பிரசிடென்ட் நாற்காலி. நீட்டினால் கை எட்டும்.

விளக்கை அணைத்தார்கள். கம்பளியில் ஒரு ஓட்டை வழியாக வெயில் வந்து நேராகத் துரையின் வழுக்கையில் விழுந்தது. தேவசகாயம் ஓடிப்போய் ஓட்டையில் முதுகை வைத்து நின்றார். அப்புறம் சரியான இருட்டு. துரை எழுந்தார் என்பது கிளாஸ் மேஜையில் இடித்த சத்தத்தில் தெரிந்தது. காலையிலிருந்தே உள்ளே போய்க்கொண்டிருந்தது, குரலில் ஒரு வழுக்கல். பழைய வருஷத்துக்கு விடை கொடுத்துப் பேச ஆரம்பித்தார். இந்தக் கிளப்பைக் கட்டின வெள்ளைக்கார துரைமார் பேரையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். யார் எந்த வருஷம் வந்தார், யார் காய்ச்சலில் செத்தார். அவர்கள் வளர்த்த நாய்கள் பேரைக்கூடச் சொன்னார், அக்கா. ஜாக், மேக்கி, கறுப்பு நாய் ஒன்று டஃப்பி. சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடிக்க நிறுத்தினார்.

அந்த மடக்கு உள்ளே இறங்குகிற நேரம்தான். நான் வயிற்றிலிருந்து எடுத்தேன்.

"ம்ஹ்ம். அண்ட் ஒன் மோர் திங். நம்ம சங்கிலி. வெளியே நிக்கிறான் பாருங்க, நம்ம சங்கிலி. இத்தனை வருஷமா இந்தக் கிளப்புக்கு லக்கைத் தூக்கிட்டு வர்ற ஆளு. ஐ ஸே, இன்னைலேர்ந்து சங்கிலி பெர்மனன்ட். குவார்ட்டர்ஸோட."

துரையின் தொண்டையில் விஸ்கி சிக்கிய சத்தம் மட்டும் கேட்டது. தன் குரல் தன்னை விட்டுத் தனியாகப் போய்ப் பேசினால் யாருக்குத்தான் விழுங்க முடியும்? சிஸ்டர் பெனடிக்டாவுக்குப் புரிந்துவிட்டது, இருட்டில் என் காதைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்ற மெர்சியின் காதைத் திருகினார். மெர்சி நல்ல பெண், கத்தவில்லை.

அப்போது டைரக்டர் அம்மா கை தட்டினார். "ஹவ் லவ்லி, மிஸ்டர் கோதண்டராமன்." அவர் தட்டினதும் எல்லாரும் தட்டினார்கள். தேவசகாயம் ஓட்டையை விட்டு வந்து தட்டினார், வெயில் மறுபடி வழுக்கையில் விழுந்தது. துரை வாயைத் திறந்தார், மூடினார். அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. தான் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொன்னது என்று கேட்க வேண்டும், கேட்டால் குடித்ததுதான் பேச்சாகும். "வெல்," என்றார். "யெஸ். ஐ மீன், ஒய் நாட்." அவ்வளவுதான், அடுத்த நிமிஷத்தில் அது அவர் சொன்னதாகவே ஆகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கடிகாரம் அடித்தது. கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தார்கள். மத்தியான வெயில் மொத்தமும் உள்ளே விழுந்து எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், அதன் நடுவில் மாமா. கோட்டு, தட்டு, கரி. வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கன்னம் நனைந்திருந்தது. எந்தக் கால் முதலில் வைப்பது என்பதைக்கூட மறந்துவிட்டார், சும்மா நடந்து வந்தார். எங்க வரிசைப் பக்கம் வந்ததும் துரை முதுகில் தட்டினார், கை கொடுத்தார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எல்லாரும் கிளாஸைத் தூக்கினார்கள். நாங்கள் பாடினோம். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

டைரக்டர் அம்மா இதைக் கம்பெனிப் பத்திரிகையில் போட வேண்டும் என்று போட்டோ கேட்டுவிட்டார். அதனால் ஆர்டரும் கையோடு வந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே மாமா குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். பேச்சிமுத்து மூக்கைச் சொறியாமல் வெற்றிலைத் தட்டை மாற்றினார். செவந்தி அக்கா எங்க வீட்டு வழியாகப் போனால் இல்லாத வேலைக்கு நின்றார். குறுக்கே கட்டின சேலையை அம்மா அவிழ்த்து மடித்து வைத்தாள். எல்லாம் யாரால்?

நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா. அவ்வளவு பெரிய வேலை செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அதுவும் மாமா சும்மா இருந்தாரா? டீக்கடையில், ரேஷன் வரிசையில், சம்பந்தி வீட்டில், எங்கே நாலு பேர் நின்றாலும் அதே பேச்சு. வேலை கிடைத்ததைப் பற்றி இல்லை. குவார்ட்டர்ஸைப் பற்றி இல்லை. துரை என் பேரைச் சொன்னார். அதுதான் பேச்சு. "பன்னெண்டு வருசமா மேன், மேன்தான். நமக்குப் பேரு இருக்குன்னே தெரியாதுன்னு நெனச்சேன். மனசுக்குள்ள வெச்சிருந்திருக்காரு பாரு. அத்தனை பேரு நடுவுல, இருட்டுல, நம்ம சங்கிலின்னாரு. ரெண்டு தடவை."

பேர் மூன்று தடவை. நான் எண்ணித்தான் போட்டேன். அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு நாள் எங்க வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுக் குழம்பு. அம்மா பரிமாற, மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை துரை மாதிரியே செய்து காட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, மெதுவாக, பாசமாக, "நம்...ம சங்கிலி" என்று. ஏதோ பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. துரைக்கு அப்படிக் குரலே வராது. எங்கே மூக்கு? எங்கே அந்தக் குலுக்கு? இன்னொருவர் வேலையை எடுத்து இப்படி நாசம் பண்ணினால் எந்த மனுஷி பொறுத்துக்கொள்வாள்?

"மாமா, தப்பு. இப்படி இல்ல," என்றேன்.

எழுந்து நின்று, வயிற்றைத் தள்ளி, ம்ஹ்மிலிருந்து ஆரம்பித்து முழுசும் செய்து காட்டினேன். குவார்ட்டர்ஸோட என்பதுவரை. அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். மாமா சிரித்தார்.

"உள்ள நின்னு கேட்டதை அப்படியே சொல்றாளே."

"கேட்டதை இல்ல மாமா. சொன்னதை."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு சோற்றைப் பிசைந்த கை நின்றது. நான் விளக்கமாகச் சொன்னேன். மடக்கு இறங்கின இடைவெளி, மெர்சியின் காது, தேவசகாயத்தின் முதுகு, எல்லாம். சிரித்துச் சிரித்து எனக்கே மூச்சு முட்டியது. அம்மா கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள், எதற்கென்று தெரியவில்லை.

மாமா கருவாட்டு முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். அப்புறம் கேட்டார், "வெளிச்சம் வந்தப்பறம் முதுகுல தட்டி இங்கிலீசுல என்னமோ சொன்னாரே. அதுவும் நீதானா?"

"அது நான் இல்ல."

"அது அவரு?"

"அவரேதான் மாமா. பக்கத்துலதான நின்னேன், தெளிவா கேட்டுச்சு."

முகம் கொஞ்சம் தெளிந்தது. "என்னடி சொன்னாரு?"

அதைத்தான் நான் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன், அக்கா. அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்ததிலேயே அதுதான் முத்து. ஒருவரை முதுகில் தட்டிக்கொண்டே, அவருக்கு மேலே இன்னொருவரைப் பார்த்து, உதட்டை ஒரு பக்கம் மட்டும் திறந்து பேசுவது லேசான காரியம் இல்லை. நான் மாமாவின் பக்கத்தில் போய் நின்று, அவர் முதுகில் கையை வைத்து, தட்டித் தட்டி, அப்படியே செய்தேன்.

"வெல் டன், வெல் டன்... தேவசகாயம், வாட் இஸ் திஸ் ஃபெலோஸ் நேம்?"

மாமாவுக்கு இங்கிலீஷ் வராது இல்லையா, அதனால் தமிழிலும் சொன்னேன். இவன் பேர் என்னவென்று செக்ரட்டரியிடம் கேட்டார், மாமா.

அம்மா என்னை அடித்தாள். இன்றுவரை எதற்கென்று சொல்லவில்லை. மாமா தட்டை எடுத்துக்கொண்டு போனார், பாதிச் சோறு அப்படியே. வெளியே குழாயில் கையைக் கழுவினார், தட்டையும் அவரே கழுவி வைத்தார். துண்டில் கையைத் துடைத்துவிட்டுச் செருப்பைப் போட்டார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நல்லா பண்றே. அவரு பேசுற மாதிரியே இருக்கு" என்றார்.

அவர் வாயாலேயே சொன்னார், அக்கா. கல்யாணத்தில் எனக்கு மட்டும் பத்திரிகை வைத்துக் கூப்பிடவில்லை, புடவை அம்மா கையில் கொடுத்தனுப்பினார், சரி. ஆனால் நல்லா பண்றே என்று சொல்லிவிட்டுத்தானே போனார்? அவர் பேசுற மாதிரியே இருக்கு என்று சொல்லிவிட்டுத்தானே போனார்? அப்புறம் எதற்காகப் பேச மாட்டேன் என்கிறார்?